ஒரு சாண் இருக்கு

போர்வைக்குள் பத்மஜாவின் இடது கால் மெல்ல அழுந்தியது. பார்லித் தண்ணீரை ஸ்பூனில் எடுத்து அவள் வாயருகே கொண்டுபோன நடராஜன் அப்படியே நிறுத்தினார். கால் அழுந்தினால் கிளட்ச். கிளட்ச் என்றால் இன்றைக்குப் பழசு.

"பழசையா எடுத்திருக்கே?" என்று கேட்டார்.

அவள் கண்ணைத் திறக்காமல் தலையை அசைத்தாள். "மழை இல்லையே?"

நடராஜன் எழுந்து ஜன்னல் வழியே பார்த்தார். பாலிகஞ்ச் வீடுகளின் மேல் வெளிறிப்போன வெயில் படுத்துக் கிடந்தது. வங்காளிகளின் பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் கீழே தெருவில் பந்தலுக்கு மூங்கில் நட ஆரம்பித்துவிட்டார்கள். பாதித் தெருவை மூங்கில் விழுங்கிவிட்டது.

"வெயில்தான். மழை இல்லை."

"அப்ப கிளம்பலாம். பழசு மழைல நின்னுடும்."

இதைக் கேட்கிற யாரும் அந்த வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்பதாகத்தான் நினைப்பார்கள். ஒன்றுகூடக் கிடையாது. இருந்த சின்ன வண்டியையும், பத்மஜாவால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் போனதும், மகள் ஹம்சினி நியூ டவுனுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, "எனக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேணும்" என்றாள் பத்மஜா. நடராஜன் பேப்பரைத் தாழ்த்தி அவளைப் பார்த்தார். "ஷோவுக்கு இல்லை, தினமும் ஓட்டறதுக்கு. லேக் மார்க்கெட்ல போய் காப்பிப்பொடி வாங்கிண்டு வரணும், ஹம்சினி ஆத்துக்குப் போயிட்டு வரணும்" என்றாள். கரியாஹாட் நெரிசலில் நடக்கிறவனே முந்திக்கொண்டு போவான், அங்கே எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். நடராஜன் கேட்கவில்லை. "உன் இஷ்டம்" என்றார். அவர் வாயிலிருந்து வருகிற பதில் கல்யாணமான நாளிலிருந்து அது ஒன்றுதான். வீடு, சோபா, பெண்ணுக்குப் பள்ளிக்கூடம், தோசைக்குச் சட்னியா மிளகாய்ப்பொடியா, எல்லாமே அவள் இஷ்டம்.

இரண்டு வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒன்று நியூ டவுன் ஷோரூமில் இருந்த வெள்ளை. புத்தம் புதுசு. கிளட்ச் கிடையாது, கியர் மாற்ற வேண்டாம், நாலு பக்கமும் காமிரா. எவனாவது கிட்டே வந்தால் அதுவே பீப் என்று சொல்லும். இன்னொன்று டாலிகஞ்சில், சினிமா ஸ்டூடியோவுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. கரும்பச்சை நிறம். ஹம்சினியைவிட அதற்கு வயசு அதிகம். எத்தனையோ கதாநாயகர்கள் ஓட்டிய வண்டி அது. ஏதோ படப்பிடிப்பில், பின்னால் வருவதைப் பார்க்கிற இடது பக்கக் கண்ணாடி உடைந்துபோய், அப்புறம் யாரும் மாட்டவில்லை. கொட்டகைக்காரர் மண் குவளையில் டீ கொடுத்து, ஃபர்ஸ்ட் கியருக்கு மட்டும் கொஞ்சம் கெஞ்ச வேண்டும் என்றார்.

இரண்டையும் பத்மஜா ஓட்டிப் பார்த்தாள். நடராஜன் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு ஓட்டத் தெரியாது. அவருடைய வேலை எந்த வண்டியிலும் ஒன்றே ஒன்றுதான்: ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இடது பக்கத்தைப் பார்ப்பது. சந்து குறுகலாக இருந்தாலும், ரிக்ஷா ஒட்டிக்கொண்டு வந்தாலும், "ஒரு சாண் இருக்கு, வா" என்பார். "உங்க சாண் எந்த ஊர் சாண்? ரெண்டு விரல்கூட இல்லை" என்று அவள் திட்டுவாள். திட்டிக்கொண்டே அந்த வார்த்தையை நம்பி வண்டியை விடுவாள்.

பச்சை வண்டியை விட்டு இறங்கியபோது நடராஜன், "இடது கண்ணாடி இல்லாத வண்டியை தினம் எப்படி ஓட்டறது?" என்றார்.

"அதான் நீங்க இருக்கேளே" என்றாள் அவள்.

எதை வாங்குவது என்று முடிவு பண்ணுவதற்குள் வயிற்றில் நோய் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரி, மறுபடி வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. கடைசியில் டாக்டர்களே, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஓட்டம் ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

காலையில் பார்லித் தண்ணீர் ஆனதும் பத்மஜா படுக்கையிலிருந்தே வண்டியை எடுப்பாள். ஒருநாள் புதுசு, ஒருநாள் பழசு. எது தினமும் ஓட்டத் தோது என்று ஓட்டிப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? ஏமாற்று வேலையே கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆடி மழையில் பாலிகஞ்ச் ஃபாரி முனையில் முழங்கால் தண்ணீர் நின்றபோது பழசு நிஜமாகவே நின்றுவிட்டது. தண்ணீர் வடிகிறவரை இரண்டு பேரும் வண்டிக்குள்ளேயே ஜால்முடி என்கிற காரப்பொரி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பச்சை மிளகாய் ஜாஸ்தி என்று பத்மஜா முகத்தைச் சுளித்தாள். இத்தனைக்கும் ஒரு வாய் சோறு இறங்காத நாள் அது. புதுசு வேகத்தடையில் வயிறு இடித்தது. லேக் மார்க்கெட்டில் நிறுத்தினால் தெருப் பையன்கள் அதன்மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஏசி குளுகுளுவென்று இருந்தது, ஒரு சத்தம் கிடையாது, காலுக்கு வேலையே இல்லை.

ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும் அவள் கேட்பாள். "சொல்லுங்கோ. எது?"

"நாளைக்குச் சொல்றேன்."

முதலில் அது பழக்கதோஷம். போகப்போக வேறு ஒன்றாகிவிட்டது. கேள்வி பாக்கி இருக்கிறவரைக்கும் அவள் பதிலுக்காகக் காத்திருப்பாள், போக மாட்டாள் என்று நடராஜன் நம்ப ஆரம்பித்துவிட்டார். சர்க்கார் ஆபீசில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன், ராகுகாலம்கூடப் பார்க்காதவர். அவருக்கே இது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பதிலைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பதில் என்னவென்று அவருக்கு முதல் நாளே தெரியும்.

நேற்று சாயங்காலம் டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, ஹம்சினியை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். அவள் லீவு சொல்லிவிட்டு இங்கேயே இருக்கிறாள். இப்போது சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

"கேட்டைத் தாண்டறேன்" என்றாள் பத்மஜா. குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "லெஃப்ட்ல?"

"மூங்கில். ஒரு சாண் இருக்கு, வா."

"உங்க சாண்" என்று உதட்டோரம் சிரித்தாள். கால் மெல்ல மேலே வந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

"எங்கே போறோம்? லேக் மார்க்கெட்டா?"

"இல்லை. தூரமா. பைபாஸ் பக்கம். காத்து வரும்."

நடராஜன் அவள் பக்கத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கரியாஹாட் மேம்பாலத்தில் ஏறினார்கள். சேலைக் கடைகள் கீழே போயின. ட்ராம் தண்டவாளத்தில் சக்கரம் இழுத்தபோது அவள் புருவம் சுருங்கியது. கஸ்பா தாண்டி பைபாஸ் வந்ததும் நெற்றி விரிந்துவிட்டது. இடது பக்கம் யாரும் இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். நிஜமாகவே ஜன்னல் திரை அசைந்தது. பச்சை வண்டியின் சீட்டு எவ்வளவு தாழ்வு என்பது அவருக்கு முதுகில் தெரிந்தது. முழங்கால் நெஞ்சில் இடிக்கும். தார் ரோடு கைக்கெட்டும் தூரத்தில் ஓடும்.

"இன்னிக்குச் சொல்லிடுங்கோ" என்றாள். "பழசா, புதுசா?"

"உன் இஷ்டம்தானே."

"என் இஷ்டம் இத்தனை வருஷம் ஆச்சு. ஒரே ஒரு தடவை உங்க வாயால கேக்கணும்னு இருக்கு." மூச்சு வாங்கியது. சிறிது நேரம் கழித்துத் தொடர்ந்தாள். "நான் இல்லேன்னா சட்னியா மிளகாய்ப்பொடியான்னு யாரைக் கேப்பேள்?"

"சாயங்காலம் சொல்றேனே, பத்மா."

"சாயங்காலமா?"

"ஆமாம்."

"சரி" என்றாள். "ஓட்டறேன்."

கால் ஒரு தடவை அழுந்தியது. பிறகு மேலே வந்தது. பிறகு அசையவில்லை.

நடராஜன் கொஞ்ச நேரம் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது காலுக்கு வேலை இல்லை என்றால் புதுசு. பாதி வழியில் வண்டியை மாற்றுவது அவர்கள் ஓட்டத்தில் உண்டு. போன வாரம்கூட ரூபி முனையில் பச்சையை விட்டுவிட்டு வெள்ளையில் ஏறிக்கொண்டாள். இன்றைக்கும் களைப்பாக இருந்திருக்கும். முகத்தைப் பார்த்தார். எந்தச் சுருக்கமும் இல்லை. ஏசி காற்று முகத்தில் படுகிறவள் மாதிரி இருந்தாள்.

ஆக, அவளே முடிவு பண்ணிவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு பக்கம் அப்பாடா என்றிருந்தது, ஒரு பக்கம் சுருக்கென்று தைத்தது. வெள்ளை வண்டியில் இடது பக்கம் பார்க்க ஆள் எதற்கு? காமிரா பார்த்துக்கொள்ளும். இருந்தாலும் அவள் சௌகரியம்தான் பெரிது.

"சரி பத்மா, புதுசாவே இருக்கட்டும்" என்றார். "உனக்குக் கஷ்டமில்லாம இருக்கும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டும்போது அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஏரிகள் வந்தன, கோரைப்புல் வந்தது, தூரத்தில் நியூ டவுன் அடுக்குமாடிகள் புகைமூட்டத்தில் நின்றன. தேவையில்லை என்று தெரிந்தும் நடராஜன் பழக்கத்தில் இடது பக்கம் காலி, இடது பக்கம் காலி என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஹம்சினி காப்பித் தம்ளரோடு வந்தாள். ஒரு நிமிஷம் வாசற்படியிலேயே நின்றாள். பிறகு தம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு அம்மாவின் மூக்கருகே புறங்கையைக் கொண்டுபோனாள்.

"அப்பா."

"மெதுவா பேசு. ஓட்டிண்டிருக்கா."

"அப்பா, அம்மா இல்லைப்பா."

அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். பிறகு போர்வையை விலக்கி இடது பாதத்தைத் தொட்டார். அது குளிர ஆரம்பித்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. காப்பியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் வீடு மனிதர்களால் நிறைந்தது. எதிர் ஃபிளாட் வங்காளி அண்ணி, ரீனா பௌதிதான் முதலில் வந்தாள். ஹம்சினியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, பிறகு ஆக வேண்டியதைப் பார்த்தாள். லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து வாத்யார் வந்தார். கூடத்தில் இடம் பண்ணி, தர்ப்பை போட்டு, தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். சுமங்கலி என்பதால் கூறைப் புடவை, மஞ்சள், பூ. பாதத்தில் நலங்கு இட வந்த மாமிகளிடம் ரீனா பௌதி தயங்கித் தயங்கி, தன் கையால் ஆல்தா இடட்டுமா என்று கேட்டாள். இடலாமே என்றார்கள். அவள் பஞ்சைச் செஞ்சாயத்தில் தோய்த்து, பாதத்தின் ஓரமாகக் கோடு இழுத்தாள். இடது குதிகாலில் கிளட்ச் மிதித்து மிதித்துக் காய்த்துப்போன இடம் ஒன்று உண்டு. அங்கே சாயம் ஒட்டவில்லை. பௌதி இரண்டாம் முறை தடவினாள்.

நடராஜன் சுவரில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. கால் நின்றபோது அவள் நிஜமாகவே வெள்ளையில் ஏறினாளா, இல்லை பச்சையிலேயே அப்படியே போய்விட்டாளா? 'புதுசாவே இருக்கட்டும்' என்று அவர் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தால், கடைசியாக அவள் கேட்டது அவருடைய பதிலே இல்லை. அவர் வாயால் கேட்க வேண்டும் என்றாள். வாயால் சொன்னது என்னவோ அப்போதும் உன் இஷ்டம்தான். விழவில்லை என்றால், பதிலே கேட்காமல் போயிருக்கிறாள். எது தேவலை என்று அவருக்குத் தெரியவில்லை. காப்பியை வாயில் வைக்கச் சொல்லி யாரோ கெஞ்சினார்கள். மாட்டேன் என்று தலையாட்டினார்.

தமிழ்ச் சங்கத்துக் காரியதரிசி வெங்கடநாராயணனிடமிருந்து போன் வந்தது. சாவு என்றால் வண்டிக்கும் மயானத்துக்கும் ஏற்பாடு பண்ணுவது அவர்தான். ஹம்சினி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹம்சினி, கண்ணாடி வண்டி சொல்லியாச்சும்மா. ரெண்டு இருக்குங்கறான். ஒண்ணு புதுசு, ஏசி, நாலு பக்கமும் கண்ணாடி. இன்னொண்ணு பழசு, கொஞ்சம் குலுக்கும். எதை அனுப்பச் சொல்லட்டும்?"

"புதுசு, அங்கிள். அச்சா, சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்கோ."

"இரு" என்றார் நடராஜன்.

கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டார்.

"பழசு மழைல நின்னுடுமா?"

"என்ன சார் கேக்கறேள்?"

"கிளட்ச் இருக்கா அதுல?"

"அப்பா" என்று ஹம்சினி அவர் தோளைத் தொட்டாள். அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்து அவள் கண் கலங்கியது.

"இருக்கும் சார், பழைய வண்டிதானே" என்றார் வெங்கடநாராயணன், குழந்தைக்குச் சொல்வதுபோல. "ஆனா புதுசுதான் மரியாதையா இருக்கும்."

"முன்னாடி டிரைவருக்கு இடது பக்கம் ஒரு ஆள் உக்காரலாமா?"

"பழசுல உக்காரலாம். புதுசுல அங்கே குளிர்ப்பெட்டிக்கு ஏதோ மிஷின் வெச்சிருக்கான். எல்லாரும் பின்னாடிதான்."

"அப்ப பழசு" என்றார் நடராஜன்.

"அப்பா, அம்மாவுக்கு ஏசி இல்லாம முடியாதுப்பா. தெரியுமே உனக்கு."

"பழசுதான் வேணும்" என்றார் மறுபடி, கொஞ்சம் உரக்க. பத்மஜா படுத்திருந்த பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "நான் சொல்றேன். பழசு."

அந்த வீட்டில் அவர் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. ஹம்சினி அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு போனை வாங்கி, "பழசையே அனுப்புங்கோ அங்கிள்" என்றாள்.

வெயில் சாயும் நேரத்தில் வண்டி வந்தது. நீளமான பழைய வேன். பின்பக்கம் கண்ணாடி அடைத்து, மேலே மங்கிப்போன பிளாஸ்டிக் பூ சுற்றியிருந்தது. பத்மஜாவை ஏற்றினார்கள். பெண்கள் மயானத்துக்கு வருகிற வழக்கமில்லை என்று வாத்யார் ஆரம்பித்தார். ஹம்சினி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பின்னால் ஏறி அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள். வாத்யார் பெருமூச்சு விட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். நடராஜன் ஈர வேஷ்டியோடு முன்பக்கம் சுற்றிவந்து, இடது கதவைத் திறந்து ஏறினார். சீட்டு தாழ்வு. முழங்கால் இடித்தது.

டிரைவர் நடுவயசு வங்காளி. சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இருமிவிட்டு வண்டி கிளம்பியது. ஃபர்ஸ்ட் கியர் விழ மறுத்தது. அவர் ஏதோ முணுமுணுத்துக் கெஞ்சினார். விழுந்தது. நடராஜன் தலையை அசைத்துக்கொண்டார்.

தெருமுனைக்குப் போவதற்குள் வண்டி நின்றுவிட்டது. காலையில் பாதித் தெருவில் இருந்த மூங்கில் இப்போது முக்கால் தெருவுக்கு வந்திருந்தது. வலது பக்கம் சுவரோடு ஒட்டி ஒரு டாக்சி. இடது பக்கம் வரிசையாகக் கம்புகள். பந்தல் வேலைக்காரர்கள் வண்டிக்குள் கிடத்தியிருந்த உடலைப் பார்த்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கி நின்றார்கள். ஒருவன் தலைமுண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

டிரைவர் நடராஜனுக்குக் குறுக்கே கையை நீட்டி, இடது பக்கக் கண்ணாடியை மடக்கி உள்ளே தள்ளினார். "தாதா, இடது பக்கம் கொஞ்சம் பார்ப்பீர்களா?" என்று, அண்ணனைக் கூப்பிடுவதுபோல, வங்காளத்தில் கேட்டார்.

நடராஜன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். கண்ணாடிக்குள் பூவும், புடவையின் அரக்குக் கரையும், அம்மாவின் பாதம் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஹம்சினியின் கையும் தெரிந்தன.

"ஒரு சாண் இருக்கு" என்றார் தமிழில். "வா."

டிரைவருக்கு என்ன புரிந்ததோ, இடது காலை மெல்ல மேலே விட்டார். வண்டி குலுங்கி நகர்ந்தது. நடராஜன் கட்டைவிரலைக் கதவில் ஊன்றி, கையை முழுசாக விரித்து வெளியே வைத்துக்கொண்டார். மூங்கில்கள் ஒவ்வொன்றாக அவர் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுத் தொட்டுப் பின்னால் போயின.